மலையே இல்லாத ஊரில் மலையின் அடிவாரக் கல்லா? செட்டிநாட்டுக் கற்களைப் பற்றி ஒரு கேள்வி

பட்டாலை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். குன்றக்குடி தாண்டி மேற்கே எங்கள் ஊர். வீட்டில் மூன்றாங்கட்டில் மராமத்து வேலை நடக்கிறது. கிணற்றடியில் துவைக்கப் போட்டிருந்த பலகைக் கல்லை நேற்றுப் புரட்டினார்கள். அடிப்பக்கம் வெயில், சோப்பு எதுவும் படாததால் பளிச்சென்று இருக்கிறது. கறுப்பும் வெள்ளையுமாக வரிகள், நடுநடுவே மிளகு அளவில் கருஞ்சிவப்பு மணிகள். உற்றுப் பார்த்தால், மணி இருக்கும் இடத்தில் வரி நேராகப் போகாமல் அதைச் சுற்றி வளைந்து மறுபடி சேர்கிறது.

வேலை பார்க்க வந்த பொறியாளர் தம்பி, "இரண்டு கண்டம் மோதி உண்டான கல் இது. இமயமலை மாதிரி ஒன்று இங்கேயும் இருந்தது" என்று சொல்லிவிட்டு சிமெண்ட் கணக்குக்குப் போய்விட்டார். எங்கள் பக்கம் இருக்கிற ஒரே உயரம் குன்றக்குடி முருகன் கோயில் படிக்கட்டு. நிஜமா, சும்மா சொன்னாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லுக்காரன் எழுதியது:

புதுக்கோட்டைப் பக்கம் குவாரி வைத்திருக்கிறோம், அப்பா காலத்திலிருந்து. நீங்கள் சொல்கிற கல் எங்களுக்குப் பழக்கம்தான். வரியின் போக்கில் வரிசையாகத் துளை போட்டு ஆப்பு இறக்கினால் பலகையாகப் பிரியும். வரிக்குக் குறுக்கே அடித்தால் சொன்ன பேச்சு கேட்காது, கோணலாக ஓடும். சிவப்பு மணி உள்ள கல்லை எங்கள் பட்டறையில் சிலை வேலைக்கு எடுக்க மாட்டோம். உளி பட்டால் மணி தனியாகத் தெறித்துக் குழி விழும், மூக்கு செதுக்கும்போது விழுந்தால் அவ்வளவுதான். படிக்கட்டு, துவைகல், வேலிக்கால், இதற்கெல்லாம் போகும்.

எப்படி உண்டானது என்பதை வாத்தியார் வந்து சொல்லட்டும்.

நிலவியல் வாத்தியார் எழுதியது:

வந்துவிட்டேன். பொறியாளர் தம்பி சொன்னது சரிதான், பாதியில் நிறுத்திவிட்டார்.

முதலில் இமயமலையைப் பார்த்துவிடுவோம், அது இன்னும் நடந்துகொண்டிருக்கிற வேலை. இந்தியத் தட்டு, அதாவது இந்தியாவைச் சுமக்கிற பெரிய பாறைப் பலகை, ஒரு காலத்தில் ஆண்டுக்கு 15 செ.மீ வரை வேகத்தில் வடக்கே போனது. நடுவில் டெத்திஸ் என்ற கடல். கடலடித் தளம் கனமான பாறை, அது ஆசியாவுக்கு அடியில் இறங்கிக்கொண்டே இருந்தது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் தீர்ந்துபோய், கண்டத்தின் விளிம்பே வந்து முட்டியது. கண்டப் பாறையின் அடர்த்தி தண்ணீரைப் போல 2.7 மடங்கு, மேலோட்டுக்குக் கீழே இருக்கிற கவசப் பாறை 3.3 மடங்கு. இலேசானது கனமானதற்குள் முழுசாக அமிழாது. வேகம் 5 செ.மீ அளவுக்குக் குறைந்ததே தவிர நிற்கவில்லை. போக இடமில்லாத பாறை மடிந்தது, உடைந்தது, ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்தது. சாதாரணமாக 35, 40 கி.மீ தடிமன் இருக்கிற மேலோடு திபெத்துக்குக் கீழே 70 கி.மீ.

அங்கே கடல் இருந்ததற்குச் சாட்சி வேண்டுமா? எவரெஸ்ட் உச்சியில் இருப்பது கடலில் படிந்த சுண்ணாம்புக்கல். முக்திநாத் போய் கண்டகி நதியிலிருந்து சாளக்கிராமம் கொண்டுவருகிறோமே, அதற்குள் சக்கரமாகத் தெரிவது அம்மோனைட் என்ற கடல் பிராணியின் கூடு. டெத்திஸ் சேற்றில் புதைந்தது, மோதலில் மேலே வந்தது.

இவ்வளவும் வெளியே தெரிகிற பாதி. எனக்குப் பிடித்தது கீழே நடக்கிற பாதி. மேலே ஒரு பங்கு உயர்ந்தால் கீழே பல பங்கு தடிக்கும். சாதாரண களிமண் பாறை, பழைய கிரானைட் எல்லாம் 25, 30 கி.மீ ஆழத்துக்குத் தள்ளப்படும். கீழே போகப்போக கிலோமீட்டருக்கு 25 டிகிரி அளவில் சூடு ஏறும். அங்கே பாறை முழுக்க உருகிவிடுவதில்லை. திடமாக இருந்தபடியே உள்ளே இருக்கிற அணுக்கள் இடம் மாறிப் புதுக் கனிமங்களாகின்றன. களிமண் முதலில் மைக்கா ஆகிறது. இன்னும் சூடு ஏறினால் மைக்கா தன்னிடம் பிடித்து வைத்திருக்கிற தண்ணீரை விட்டுவிட்டு, கார்னெட், சில்லிமனைட் என்ற கனிமங்கள் ஆகிறது. ஹார்ன்பிளெண்ட் என்ற கறுப்புக் கனிமம் பைராக்சின் என்ற வேறொன்றாகிறது. தண்ணீர் இழந்த இந்தப் பாறைக்கு கிரானுலைட் என்று பெயர். பல்லாவரம், பறங்கிமலையில் கிடைக்கும் சார்னோகைட் அதே குடும்பம். கொல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக் கல்லறைக்கு இங்கிருந்து போன கல்லைப் பார்த்துத்தான் 1893-இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து அந்தப் பெயரை வைத்தார்.

உங்கள் சிவப்பு மணி கார்னெட். தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரையில் கார்னெட் மணல் என்று கிடக்கிறதே, அதே சரக்குதான், இதே மாதிரிப் பாறை அரிந்து போய்ச் சேர்ந்தது. வரி மணியைச் சுற்றி வளைவதற்குக் காரணம், பாறை சூட்டில் இளகி நசுங்கும்போது மணி மட்டும் நசுங்க மறுத்தது.

நம் பகுதிக்கு மதுரைப் பாளம் என்று பெயர். இந்தக் கூத்து நடந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன். இமயமலைக்கு டெத்திஸ் போல, அப்போது மூடிய கடலுக்கு மொசாம்பிக் பெருங்கடல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மோதி ஒட்டிய நிலம் எல்லாம் சேர்ந்து கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஆனது. மடகாஸ்கர், இலங்கை, கிழக்கு அண்டார்டிகா எல்லாம் அப்போது நமக்குப் பக்கத்து வீடு.

சந்தேகப் பேர்வழி எழுதியது:

ஐயா கோபிக்கக் கூடாது. மனிதன் போட்டதிலேயே ஆழமான துளை ரஷ்யாவில் கோலா பக்கம், அதுவே 12 கி.மீ சொச்சம்தான். 30 கி.மீ ஆழத்தில் இந்தக் கல் வெந்தது என்று யார் போய்ப் பார்த்தார்கள்? 55 கோடி என்பதும் வாய்க்கு வந்த கணக்காகத் தெரிகிறது. அப்படியே இருந்தாலும் அந்த 30 கி.மீ பாறை எங்கே போனது? காரைக்குடியில் மேடு ஏறினால் ரயில்வே கேட்தான் வருகிறது.

போர்க்காரர் மகன் எழுதியது:

ஒரு சின்ன இடைச்செருகல். காரைக்குடி டவுனில் போர் போட்டால் இந்தக் கல்லே வராது. செம்மண், செம்புராங்கல், அப்புறம் மணற்பாறை. சம்பை ஊற்றுத் தண்ணீர் இனிப்பதே அந்த மணற்பாறைப் புண்ணியம். மேற்கே திருப்பத்தூர், சிங்கம்புணரி பக்கம் போனால்தான் சில அடியிலேயே கரும்பாறை. அங்கே பாறை வெடிப்பு கிடைத்தால் தண்ணீர், இல்லாவிட்டால் நானூறு அடிக்கு வெறும் புழுதி, வீட்டுக்காரர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

நிலவியல் வாத்தியார் எழுதியது:

தம்பி சொன்னது முக்கியம். டவுனும் கிழக்குப் பக்கமும் பிற்காலத்தில் ஆறும் கடலும் கொண்டுவந்து போட்ட படிவு. அதற்கு அடியில் ஆழத்தில் இதே பழைய பாறைதான் படுத்திருக்கிறது.

சந்தேகப் பேர்வழிக்கு: கேள்வி நியாயம். கீழே யாரும் போகவில்லை, ஆனால் கீழே இருக்கிற நிலைமையை மேலே உண்டாக்கலாம். ஆய்வுக்கூடத்தில் சின்னக் குப்பியில் பாறைப் பொடியை அடைத்து, இத்தனை அழுத்தம், இத்தனை சூடு என்று மாதக்கணக்கில் வைத்து எந்தக் கனிமம் பிறக்கிறது என்று பார்க்கிறார்கள். ஒரே அலுமினியச் சிலிகேட் மூன்று வடிவில் வரும்: அண்டலூசைட், கயனைட், சில்லிமனைட். மூன்றும் ஒன்றாகச் சந்திக்கிற இடம் சுமார் 500 டிகிரி சூடு, 4 கிலோபார் அழுத்தம். சூடு அதிகமானால் சில்லிமனைட், அழுத்தம் அதிகமானால் கயனைட். அதுபோல கார்னெட்டும் பக்கத்தில் ஒட்டியிருக்கிற பைராக்சினும் இரும்பையும் மெக்னீசியத்தையும் பங்கு போட்டுக்கொள்ளும் விகிதம் சூட்டைப் பொறுத்து மாறும். அந்த விகிதத்தை இன்று அளந்தால் அன்றைய சூடு தெரியும். நம் பாளத்துக் கிரானுலைட்டுகள் பலவற்றில் 8 முதல் 10 கிலோபார் வருகிறது. ஒரு கிலோபார் என்பது ஏறத்தாழ மூன்றரை கி.மீ பாறையின் பாரம். பெருக்கிக்கொள்ளுங்கள்.

வயதுக்கு சிர்கான் என்ற சின்னப் படிகம். பிறக்கும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தைச் சேர்க்காது. யுரேனியம்-238 சிதைந்து ஈயமாகிப் பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு. ஆகவே இன்று உள்ளே இருக்கிற ஈயம் எல்லாம் பிற்பாடு விளைந்தது, அதை எண்ணினால் வயது. ஒரே படிகத்தில் நடுப்பகுதி 250 கோடி ஆண்டு, மேலே படிந்த விளிம்பு 55 கோடி ஆண்டு என்று வருவதும் உண்டு. முதலாவது பாறை பிறந்த காலம், இரண்டாவது மறுபடி சூட்டில் மாட்டிய காலம்.

பாறை எங்கே போனது என்பதற்குக் கணக்கப்பிள்ளை வந்தால் நன்றாகச் சொல்வார்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

கூப்பிட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

முதலில் ஒரு பழைய வழக்கு. 1802-இல் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி பறங்கிமலைப் பக்கம் ஆரம்பித்த பெரிய நில அளவை வடக்கே இமயமலை வரை போனது. கலியானா, கலியான்பூர் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே தூரத்தை நிலத்தில் அளந்ததும் நட்சத்திரம் பார்த்து அளந்ததும் ஒத்துப்போகவில்லை. நட்சத்திரம் பார்க்க நேர்செங்குத்து காட்டுகிற தூக்குக்குண்டை இமயமலையின் ஈர்ப்பு இழுக்கிறது என்று பிராட் பாதிரியார் கணக்குப் போட்டார். அவர் கணக்கில் வித்தியாசம் 15.885 வினாடிக் கோணம் வரவேண்டும், அளவையில் வந்தது 5.236. இவ்வளவு பெரிய மலை ஏன் மூன்றில் ஒரு பங்கு மட்டும் இழுக்கிறது? 1855-இல் ஏரி என்ற வானியல் அறிஞர் சொன்ன பதில்: மலைக்குக் கீழே இலேசான பாறையாலேயே ஆன வேர் இறங்கியிருக்கிறது, அது கனமான பாறை இருக்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சரக்கு ஏற்றிய தோணியை நினைத்துக்கொள்ளுங்கள். பாரம் ஏற ஏற அடி ஆழம் போகும். இறக்க இறக்க மேலே வரும், ஆனால் இறக்கிய அளவுக்கு அப்படியே வராது. மலைக்கும் அதுதான். மேலே 1 கி.மீ பாறையை மழையும் ஆறும் அரித்தால், வேர் சுமார் 0.82 கி.மீ மேலே எழும் (2.7-ஐ 3.3-ஆல் வகுத்தது). ஆக ஒரு கிலோமீட்டர் அரித்தும் மலை உண்மையில் தாழ்ந்தது வெறும் 0.18 கி.மீ. அப்படியானால் 5 கி.மீ உயர பீடபூமியைத் தரைமட்டமாக்க எத்தனை அரிக்க வேண்டும்? 5-ஐ 0.18-ஆல் வகுங்கள். 27, 28 கி.மீ வரும்.

இப்போது வாத்தியார் சொன்ன கிலோபாரைப் பாருங்கள். 8 கிலோபார் என்றால் 28 கி.மீ. மலை தட்டையாகும்போது எந்த ஆழத்துக் கல் மேலே வந்து சேர வேண்டுமோ, அந்த ஆழத்துக் கல்தான் பட்டாலை வீட்டுக் கிணற்றடியில் கிடக்கிறது. தென்னிந்திய மேலோட்டின் இன்றைய தடிமன் 40 கி.மீ அளவு. அதோடு அரித்துப் போனதைக் கூட்டினால் 67, 68 வருகிறது. திபெத்தில் இன்று இருப்பது 70.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊர் தட்டையாக இருப்பது பொறியாளர் சொன்னதற்கு எதிர்ச்சாட்சி என்று எல்லோரும் நினைக்கிறோம். எனக்கு அதுதான் முதல் சாட்சி. மலை உயரமாக நின்றிருந்தால் இந்தக் கல் இன்னும் கீழேதான் இருக்கும்.

நிலவியல் வாத்தியார் எழுதியது:

கணக்கப்பிள்ளை கணக்கு அழகு. ஆனால் இவ்வளவு சுத்தமாக வந்தால் நான் கொஞ்சம் பயப்படுவேன். மலை அரிப்பால் மட்டும் மெலிவதில்லை. அடியில் சூடாகி இளகிய பாறை தன் பாரம் தாங்காமல் பக்கவாட்டில் பரவும், மேலே இழுபட்டு விரிசல் விட்டு மெல்லியதாகும். இன்றைக்கும் திபெத் கிழக்கு மேற்காக விரிந்துகொண்டிருக்கிறது. பிற்பாடு அடியில் புதுப் பாறை வந்து ஒட்டியும் இருக்கலாம். ஆகவே 67 என்பதைக் கல்வெட்டில் பொறிக்க வேண்டாம். போக்கு சரி.

அரித்த மண் எங்கே என்றால், அந்தக் காலத்தில் நிலத்தில் செடி கொடியே கிடையாது. வேர் பிடித்து வைக்காத மலை, பெய்த மழையெல்லாம் நேரே மண்ணை வாரிக்கொண்டு போயிருக்கும். அதை ஒட்டி வந்த கேம்பிரியன், ஆர்டோவிசியன் காலத்து மணற்கல் வட ஆப்பிரிக்கா, ஜோர்டான் பக்கமெல்லாம் மலைமலையாகக் கிடக்கிறது. ஜோர்டானில் பெட்ரா என்ற பழைய நகரைக் குடைந்திருக்கிற கல் அதுதான். நம் ஊர் மணல் அங்கே போனது என்று சொல்லவில்லை, கோண்டுவானா மலைகள் எந்த அளவில் கரைந்தன என்பதற்குச் சொன்னேன்.

தேவகோட்டை ஆச்சி எழுதியது:

கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம். ஒன்று கேட்கிறேன். எங்கள் வீட்டு முகப்பில் இத்தாலி மார்பிள். ஐயா காலத்தில் கப்பலில் வந்தது. ஆயாவின் தோட்டில் பர்மா கெம்பு. கொழும்பில் கடை இருந்தபோது வாங்கிய நீலக்கல் மோதிரம் ஒன்று. இதெல்லாம் இந்த மோதல் கதைக்குள் வருமா வராதா?

நிலவியல் வாத்தியார் எழுதியது:

ஆச்சி, மூன்றும் வரும். கராரா மார்பிள் என்றால் அது ஜுராசிக் காலக் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல். ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் இத்தாலியின் அபெனைன் மலை எழும்பிய மோதலில் மாட்டி, 400 டிகிரி அளவில் வெந்து மார்பிள் ஆனது. நம் கல்லோடு ஒப்பிட்டால் அரை வேக்காடு. பர்மா கெம்பு அங்கே மொகொக் என்ற ஊரில் மார்பிளுக்குள்ளேயே விளைவது, இந்தியா ஆசியாவை முட்டியதன் கிழக்குக் கைவரிசை. இலங்கை நீலக்கல் நமக்கு நேர் சொந்தம். இரத்தினபுரி ஆற்று மணலில் பொறுக்குகிற கற்கள் வெளிப்படுவது இலங்கை மேட்டு நிலத்துக் கிரானுலைட்டிலிருந்து. மதுரைப் பாளமும் அதுவும் ஒரே மோதலில், கிட்டத்தட்ட ஒரே காலத்தில் வெந்தவை. நடுவே பாக் நீரிணை நேற்று வந்தது.

கல்லுக்காரன் எழுதியது:

கைக்கு எட்டுகிற தூரத்தில் இன்னொன்று இருக்கிறதே, சிவகங்கை கிராஃபைட். தமிழ்நாடு அரசின் டாமின் நிறுவனச் சுரங்கம். ஒருமுறை லாரி விஷயமாகப் போனேன். கல்லைத் தொட்டால் விரலெல்லாம் வழுவழுவென்று வெள்ளிக் கறுப்பு, சோப்பு போட்டாலும் இரண்டு நாள் போகவில்லை. அதுவும் மோதலில் வெந்ததா?

நிலவியல் வாத்தியார் எழுதியது:

வெந்ததேதான். இப்படிப்பட்ட பாறைகளில் கிராஃபைட் பெரும்பாலும் பழைய கடல் சேற்றில் சேர்ந்த நுண்ணுயிர்களின் கரி. ஆழத்தில் மற்ற எல்லாம் பிரிந்துபோய்க் கார்பன் மட்டும் மிஞ்சி, ஏடு ஏடாக அடுக்கிக்கொள்கிறது. சூடு கூடக்கூட ஏடு பெரிதாகும். சிவகங்கை கிராஃபைட் செதில் செதிலாக இருப்பதற்குக் காரணம் அதுதான். குறைந்த சூட்டில் நின்றிருந்தால் வெறும் கரிப்பொடியாகவே இருந்திருக்கும்.

சந்தேகப் பேர்வழி எழுதியது:

சரி, ஆழத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று இடிக்கிறது. கிலோமீட்டருக்கு 25 டிகிரி என்றீர்கள். 30 கி.மீ-க்கு 750. வேறு இடத்தில் படித்தேன், கொடைக்கானல் அடிவாரத்தில் கெங்குவார்பட்டிக் கல்லில் 900 டிகிரிக்கு மேல் என்று. மிச்சச் சூடு எங்கிருந்து வந்தது?

நிலவியல் வாத்தியார் எழுதியது:

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். கெங்குவார்பட்டியில் கிடைப்பது சஃபிரின் என்ற நீலக் கனிமம் உள்ள கிரானுலைட். அது சாதாரண சூட்டில் பிறக்காது. விடைக்கு அறிஞர்களிடையே இன்னும் சண்டை இருக்கிறது. ஒரு கட்சி சொல்வது: மேலோட்டுப் பாறையில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் இருக்கிறது, அவை சிதையும்போது சூடு தரும். மேலோடு இரட்டிப்பானால் அடுப்பும் இரட்டிப்பு. அப்படியே சில கோடி ஆண்டுகள் மூடி வைத்தால் சூடு ஏறிக்கொண்டே போகும். இன்னொரு கட்சி: கீழே இறங்கிய கடல்தட்டு அறுந்து விழுந்து, அந்த இடைவெளியில் கவசத்தின் சூடான பகுதி மேலே வந்து அடிவயிற்றில் தொட்டது. எனக்கு இரண்டும் சேர்ந்துதான் என்று தோன்றுகிறது. முதலாவதற்குக் காலம் வேண்டும், இங்கே காலம் இருந்தது. தண்ணீர் முன்பே வெளியேறிவிட்டதும் உதவியிருக்கும். ஈரப்பாறை 700 டிகிரிக்குள் உருக ஆரம்பித்து, வருகிற சூட்டை உருகுவதிலேயே செலவழித்துவிடும். உலர்ந்த பாறையில் அந்தச் செலவு இல்லை.

திபெத்தில் எரிமலைக் குழம்பு அடியிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்த கல் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. 30 முதல் 50 கி.மீ ஆழத்துச் சரக்கு, தண்ணீர் வற்றிய கிரானுலைட், 800 முதல் 1000 டிகிரி. அந்தக் குழம்பு வெளிவந்து சுமார் 30 லட்சம் ஆண்டுதான் ஆகிறது. நம் ஊரில் 55 கோடி ஆண்டுக்கு முன் அடுப்பில் இருந்தது, அங்கே இப்போது அடுப்பில் இருக்கிறது.

சிங்கப்பூர்க்காரன் எழுதியது:

அப்படியானால் கொடைக்கானல் மலைதான் அந்தப் பழைய மலையில் மிஞ்சிய துண்டா? பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம் என்று கேட்கிறேன்.

நிலவியல் வாத்தியார் எழுதியது:

இல்லை. கல் பழசு, உயரம் புதுசு. பழைய மலை எப்போதோ தேய்ந்து தரைமட்டமாகிவிட்டது. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன். இன்றைய மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரம் அந்தப் பிரிவோடும் அதற்குப் பின் நடந்த எழுச்சியோடும் அரிப்போடும் சேர்ந்தது. எவ்வளவு எப்போது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

பிள்ளைகளுக்குக் காட்ட வத்தலக்குண்டிலிருந்து ஏறுகிற மலைச்சாலை வெட்டுகள் போதும். வண்டியை ஒதுக்கமாக நிறுத்துங்கள், வளைவில் நிற்க வேண்டாம்.

கல்லுக்காரன் எழுதியது:

போகிறபோது ஒன்று. வெயிலில் கிடந்த முகம் எல்லாக் கல்லும் ஒரே பழுப்பாகத்தான் தெரியும். புதிதாக உடைந்த இடத்தைத் தேடுங்கள். சார்னோகைட் என்றால் எண்ணெய் தடவியது போல மங்கலான பச்சை அடிக்கும். கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தால் கல்மேல் ஊற்றிப் பாருங்கள், வரியும் மணியும் துலக்கமாகத் தெரியும். சுத்தியல் கொண்டுபோக வேண்டாம், வனத்துறை ஆள் வந்தால் பதில் சொல்ல முடியாது.